கனகாம்பரக் கலர் சுவர்: எங்கள் வீட்டு அனுபவம்

ஹாலுக்கு ஆரஞ்சு அடித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். மதுரையில் எங்கள் வீட்டு ஹாலை எதிர்வீட்டு மாடி மறைத்துவிடும், பகலிலேயே லைட் போட வேண்டும். அந்த மங்கல் போகட்டும் என்றுதான் டிவி இருக்கும் சுவருக்கு மட்டும் ஆரஞ்சு அடிக்கலாம் என்று போன தையில் முடிவு செய்தோம். ஷேட் கார்டில் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா, "கனகாம்பரம் மாதிரியே இருக்கு, இதையே எடு" என்றார்.

சுவர் 12க்கு 10 அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டுக்குச் சரியாக இருக்கும் என்று வாங்கினோம், போதவே இல்லை. முதல் கோட் காய்ந்ததும் அடியில் இருந்த வெள்ளை திட்டுத் திட்டாகத் தெரிந்தது, ரோலர் போன தடத்தை எண்ணிவிடலாம். பெயிண்டர் அண்ணன், "இந்தக் கலருக்கு மூடுற சக்தி கம்மிம்மா, இன்னும் ஓட்டணும்" என்றார். காரணம் பிறகுதான் புரிந்தது. அடியில் இருப்பதை நன்றாக மறைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. இவ்வளவு அழுத்தமான கலரை அந்த நிறமி மிகக் குறைவாக இருக்கும் பேஸில்தான், அதாவது கலர் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படை பெயிண்டில்தான், கலக்க முடியும். கடைசியில் நான்கு கோட், இரண்டு லிட்டர் ஆனது. பிரைமருக்கு மேல் வெளிறிய பீச் கலரை ஒரு கோட் அடித்துவிட்டு ஆரஞ்சு போட்டிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது.

அன்று ராத்திரி லைட் போட்டபோது மனசே விட்டுப்போனது. 6500 கெல்வின் என்று போட்ட, லேசாக நீலம் கலந்த வெள்ளை எல்இடியில் கனகாம்பரம் செங்கல்பொடி மாதிரி கிடந்தது, வெள்ளை சீலிங்கிலும் ஆரஞ்சு சாயல் ஏறியிருந்தது. மஞ்சள் சாயல் உள்ள 3000 கெல்வின் வார்ம் ஒயிட் பல்பு மாற்றிய பிறகுதான் அம்மா எடுத்த கலர் சுவரில் வந்தது. ஷேட் கார்டை மட்டும் நம்பாதீர்கள். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, ராத்திரி உங்கள் வீட்டு லைட்டிலேயே வைத்துப் பாருங்கள்.

---

அக்கா, நாங்கள் காரைக்குடிப் பக்கம். சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீடு. பெட்ரூமில் நாலு சுவருக்கும் ஆரஞ்சு அடித்தோம், தரையும் சுவரும் சேர்ந்து, உள்ளே போனாலே அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் மூன்று சுவரை வெள்ளையாக்கி ஜன்னலுக்கு மயில்நீலத் திரை போட்டோம், மிச்சமிருந்த ஒரு ஆரஞ்சுச் சுவர் அத்தனை அழகு. ஆனால் மேற்கு வெயில் விழுகிற சுவர் அது. இரண்டு வருஷம் கழித்துக் காலண்டரைக் கழற்றினேன், அது தொங்கிய இடம் மட்டும் நேற்று அடித்த மாதிரி பளிச்சென்று கட்டமாக இருந்தது, சுற்றிலும் வெளுத்திருந்தது. வெயில் படும் சுவருக்கு இந்தக் கலர் வேண்டாம்.

---

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. எங்கள் ஹாலுக்கு வெயிலே வராது, அந்தக் கவலை இல்லை. மயில்நீலத் திரை என்று படித்துக் காட்டியதிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், அது பருத்தித் துணியா, எங்கே எடுத்தீர்கள்?