கிணற்றடி வீடு குழு: துளசியின் சோதனை

சனிக்கிழமை

அம்மா, பி.ப. 1:12
எல்லோருக்கும் வணக்கம். துளசிக்குச் செவ்வாய்க்கிழமை வரலாற்றுச் சோதனை. இங்கிலாந்து அரசர்களை யார், ஏன் எதிர்த்தார்கள் என்ற பகுதி. காலையிலிருந்து அழுகிறாள். அத்தான், கொஞ்சம் சொல்லிக் கொடுக்க முடியுமா?

சித்தி, பி.ப. 1:14
ஐயோ, அழ வேண்டாம் ராசாத்தி

சித்தி, பி.ப. 1:14
அக்கா, அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்கு வடை யார் சுடுவது?

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 1:19
கேள்வி என்ன மாதிரி வரும்? முதலில் அதைச் சொல்லம்மா.

துளசி, பி.ப. 1:23
16 புள்ளிக்கு ஒரு பெரிய கேள்வி. அரசரை எதிர்த்ததற்குப் போர்தான் முக்கிய காரணமா, மதமா, பணமா என்று கேட்பார்கள். எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் இன்னும் 4. எனக்கு 1215, 1265, 1381, 1536, 1649 எல்லாம் ஒன்றாகக் குழம்புகிறது பெரியப்பா.

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 1:34
ஐந்தில் நாலைக் கோக்க ஒரு நூல் இருக்கிறது. அரசன் போருக்குப் போகிறான், தோற்கிறான் அல்லது காசு முடிகிறது, திரும்பி வந்து வரி கேட்கிறான். ஜோன் மன்னன் 1204இல் நார்மண்டியை இழந்தான். அதை மீட்கப் பத்து வருடம் பிரபுக்களைப் பிழிந்து காசு சேர்த்தான். போருக்கு ஆள் அனுப்பாத பிரபு அதற்குப் பதிலாகக் கட்டும் வரியைத் திரும்பத் திரும்ப விதித்தான். 1214 ஜூலை 27இல் பூவீன் என்ற இடத்தில் அவனுடைய கூட்டாளிகள் தோற்றார்கள். அத்தனை காசும் வீண். அடுத்த வருடம் ஜூன் 15, றனிமீட் புல்வெளியில் மக்னா கார்ட்டா, அரசனைக் கட்டுப்படுத்தும் பட்டயம். பதினொரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

மாமா, பி.ப. 1:36
ஜோன் கையெழுத்து வைக்கும் படம் பார்த்திருக்கிறேன்

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 1:37
கையெழுத்து இல்லை, முத்திரை. சோதனையில் கையெழுத்து என்று எழுதினால் பிழை.

மாமா, பி.ப. 1:37
சரி

அண்ணா, பி.ப. 1:40
துளசி, 61ஆவது பிரிவை எழுது. அரசன் சொல் தவறினால் 25 பிரபுக்கள் அவனுடைய கோட்டைகளையும் நிலத்தையும் பிடித்து வைக்கலாம். மொத்தம் 63 பிரிவு. எனக்கு அதற்குத்தான் புள்ளி கிடைத்தது.

துளசி, பி.ப. 1:42
ஆனால் ஆகஸ்டிலேயே பாப்பரசர் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டாரே. அப்போது அது தோல்விதானே?

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 1:53
இங்கேதான் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். முடிவு வேறு, முக்கியத்துவம் வேறு. இரண்டு மாதத்தில் அந்தத் தாள் செத்தது, அது முடிவு. ஜோன் 1216இல் இறந்தபோது மகன் ஹென்றிக்கு ஒன்பது வயது. சின்னப் பையனின் பக்கம் பிரபுக்களை இழுக்க அவனுடைய ஆட்களே அதே பட்டயத்தை 1216இல் மறுபடி வெளியிட்டார்கள், 61ஐயும் வேறு சில பிரிவுகளையும் எடுத்துவிட்டு. பிறகு 1217, 1225. வரி வேண்டுமென்றால் பட்டயத்தை உறுதி செய் என்று கேட்கும் வழக்கம் வந்தது. அது முக்கியத்துவம். ஐந்து கலகத்துக்கும் இந்த இரண்டு வரியை எழுதிப் பழகு. நான் உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் சொன்னது இதைத்தான்.

சித்தி, பி.ப. 1:55
🙏

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 2:04
அடுத்தது சைமன் டி மொன்ஃபோர்ட். இவர் வேறு யாருமில்லை, மூன்றாம் ஹென்றியின் தங்கை எலினோரை 1238இல் மணந்தவர். அரசனுக்கு மச்சான். எலினோர் ஏற்கெனவே ஒரு விதவை. முதல் கணவரின் சொத்தில் அவளுக்கு வர வேண்டிய பங்கு ஒழுங்காக வரவில்லை. வாங்கிக் கொடுக்க வேண்டிய அண்ணன் இழுத்தடித்தான். அந்தக் கசப்பு வருடக்கணக்காக இருந்தது.

மாமா, பி.ப. 2:06
இது வரலாறா, எனக்குச் சொல்கிறீர்களா?

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 2:07
பிள்ளைக்குச் சோதனை. நான் 13ஆம் நூற்றாண்டைச் சொல்கிறேன்.

மாமா, பி.ப. 2:08
கிணற்றடி வளவு விற்ற காசு அக்காவுக்கு வரும் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன். உறுதி இன்னும் நொத்தாரிசிடம்.

பெரியம்மா, பி.ப. 2:09
நான் கேட்டேனா? துளசியின் சோதனையைப் பாருங்கள்.

அம்மா, பி.ப. 2:09
தம்பி, பிறகு கதைப்போம். துளசி வாசித்துக்கொண்டு இருக்கிறாள்.

துளசி, பி.ப. 2:11
எனக்கு இது நன்றாக ஞாபகம் நிற்கும் 😅 அப்புறம் என்ன நடந்தது பெரியப்பா?

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 2:20
வீட்டுக் கசப்பு மட்டும் போதாது, அதையும் எழுது. ஹென்றி தன் இரண்டாவது மகனைச் சிசிலிக்கு அரசனாக்குவதாகப் பாப்பரசருக்குப் பெரிய தொகை வாக்குக் கொடுத்துவிட்டான். காசு எங்கே? அதனால் 1258இல் ஒக்ஸ்போர்டில் பிரபுக்கள் 15 பேர் கொண்ட சபையை அவன் தலையில் கட்டினார்கள். அவன் பின்வாங்கினான், போர் வந்தது. 1264 மே 14இல் லூயிஸ் என்ற இடத்தில் சைமன் அரசனையே பிடித்தார். 1265 ஜனவரியில் கூட்டிய பாராளுமன்றத்தில் மாவட்டத்துக்கு இரண்டு நைட் பட்டக்காரரோடு நகரங்களிலிருந்தும் ஆட்களை அழைத்தார். ஆகஸ்ட் 4இல் ஈவ்ஷாமில் கொல்லப்பட்டார். முடிவு தோல்வி. ஆனால் நகரத்துக்காரரை அழைக்கும் பழக்கம் அவரைக் கொன்ற இளவரசன் எட்வர்ட் அரசனான பிறகும் தொடர்ந்தது.

அம்மம்மா, பி.ப. 2:31
🎤 குரல் செய்தி 0:48

சித்தி, பி.ப. 2:33
அம்மம்மா சொல்வது: பிள்ளைக்கு முட்டைக்கோப்பி கொடுக்கட்டாம். அதோடு ஹீத்ரோவில் தன்னை யார் ஏற்றுவது என்று கேட்கிறா.

அம்மா, பி.ப. 2:34
புதன்தானே? இவர் வேலைக்குப் போகிறார். பார்ப்போம்.

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 2:45
1381. கறுப்புச் சாவு 1348இல் வந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சனத்தைக் கொண்டுபோனது. கூலிக்கு ஆளில்லை, கூலி ஏறியது. 1351இல் பழைய கூலிக்கே வேலை செய் என்று சட்டம். மேலே பிரான்ஸோடு போர். 1377இல் தலைவரி ஆளுக்கு 4 பென்ஸ், 1380 முடிவில் தலைக்கு 12 பென்ஸ் கணக்கு. எசெக்ஸில் பிரெண்ட்வுட்டுக்கு வரி விசாரிக்க வந்தவரை மே 30இல் சனம் துரத்தியது. அங்கேதான் பற்றியது.

சித்தி, பி.ப. 2:46
பிரெண்ட்வுட்டா! எங்கள் கடை இருக்கும் தெருவுக்குப் பக்கம்

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 2:51
கென்ட்காரர் வொட் டைலரோடு பிளாக்ஹீத் வழியாக லண்டனுக்குள் வந்தார்கள். ஜூன் 14இல் இரண்டாம் றிச்சர்ட் மைல் எண்டில் எசெக்ஸ்காரரைச் சந்தித்துப் பண்ணை அடிமை முறையை நீக்குவதாகச் சொன்னான். அதே நாள் கலகக்காரர் லண்டன் கோட்டைக்குள் புகுந்து பேராயர் சட்பரியின் தலையை வெட்டினார்கள். றிச்சர்டுக்கு வயது 14.

துளசி, பி.ப. 2:52
என்னைவிட இரண்டு வயது சின்னவன்!!

மாமா, பி.ப. 2:58
மைல் எண்டில்தான் நான் லண்டனுக்கு வந்து முதலில் இருந்தது. ஒரு அறையில் ஐந்து பேர். இரவில் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையில் பெட்டி தூக்கினேன்.

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 3:03
தம்பி, ஸ்மித்ஃபீல்டில்தான் அடுத்த நாள் டைலரை வெட்டினார்கள். லண்டன் மேயர் வோல்வர்த் வாளை வீசினார். தலைவன் விழுந்ததும் சனம் வில்லை எடுத்தது. அந்தப் பையன் தனியாகக் குதிரையை முன்னால் விட்டு, இனி உங்கள் தலைவன் நான்தான் என்றான். அவர்களும் பின்னால் போனார்கள். வாக்குறுதி ஒன்றும் நிற்கவில்லை.

மாமா, பி.ப. 3:05
அந்தச் சந்தையில் எத்தனை இரவு நின்றிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

துளசி, பி.ப. 3:07
மாமா, நான் இதை இப்படித்தான் ஞாபகம் வைக்கப்போகிறேன். மைல் எண்ட், மாமாவின் அறை, ஜூன் 14. ஸ்மித்ஃபீல்ட், மாமாவின் வேலை, ஜூன் 15.

அண்ணா, பி.ப. 3:08
மக்னா கார்ட்டாவும் ஜூன் 15. முதலாம் சாள்ஸ் பாராளுமன்றப் படையிடம் தோற்ற நேஸ்பி சண்டை 1645 ஜூன் 14. ஒன்றாக எழுதி வை.

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 3:20
1536 போர் இல்லாத கலகம். எட்டாம் ஹென்றி மடங்களை மூடினான், வடக்கில் சனம் எழுந்தது. தலைவர் றொபேர்ட் அஸ்க் ஒரு வழக்கறிஞர். முப்பதினாயிரம் பேருக்கு மேல். அரசன் மன்னிப்பு என்று சொல்லிக் கலைத்தான், 1537 ஜூலையில் அஸ்கை யோர்க்கில் தூக்கினான். போர்தான் காரணம் என்று எழுதும்போது, இல்லை, இங்கே மதம் என்று காட்ட இது வேண்டும்.
முதலாம் சாள்ஸ் மன்னனில் எல்லாம் சேர்கிறது. 11 வருடம் பாராளுமன்றம் இல்லை. கரையோரத்துக்குரிய கப்பல் வரியை 1635இல் உள்நாட்டுக்கும் போட்டான். 1637இல் ஸ்கொட்லாந்துக்காரர் மீது புதிய பிரார்த்தனைப் புத்தகத்தைத் திணித்தான். மதத்தால் போர், போரால் காசில்லை, காசுக்காக 1640இல் பாராளுமன்றம். இந்த வரிசையை எழுதினாலே மேல் தரம்.

துளசி, பி.ப. 3:41
இது சரியா? "போர் பெரும்பாலும் அரசனின் பணத்தைக் குறைத்தது. பணத்துக்காக அவன் வைத்த வரியே எதிர்ப்பைக் கிளப்பியது. ஆனால் 1536இல் மதமே முதல் காரணம். 1640இல் மதமே போரைக் கொண்டுவந்தது. ஆகவே போர் முக்கியம், ஆனால் தனியாக இல்லை."

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 3:44
பிள்ளை, இதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆண்டு, ஒரு பெயர் போடு.

அப்பா, பி.ப. 3:50
1649இல் தலையை வெட்டக் கொண்டுபோன அன்று சாள்ஸ் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனதைச் சொன்னீர்களா? ஜனவரி 30, குளிர். நடுங்கினால் பயம் என்று நினைப்பார்கள் என்று. வைட்ஹோலில் அவனை வெட்டிய இடத்தில் அந்த விருந்து மண்டபம் இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் தினமும் பார்க்கிறேன்.

மாமா, பி.ப. 3:55
புதன் அம்மாவை நான் ஏற்றுகிறேன். ஹீத்ரோவில் இருந்து றனிமீட் பக்கம்தான், வானில் இடம் இருக்கிறது. துளசியும் வரட்டும்.

அம்மா, பி.ப. 3:56
புதன் பின்னேரம் அவளுக்குக் கணிதம். அம்மம்மாவும் பத்து மணித்தியாலம் பறந்து வந்து புல்வெளியில் நிற்பாவா?

அம்மம்மா, பி.ப. 4:02
🎤 குரல் செய்தி 0:11

சித்தி, பி.ப. 4:03
நிற்பாவாம்

மாமா, பி.ப. 4:06
அத்தான், நொத்தாரிசுக்குத் திங்கள் எடுத்துக் கேட்கிறேன்

பெரியப்பா (சுன்னாகம்), பி.ப. 4:15
ஓம். துளசி, நாளை எனக்கு இரவு எட்டு மணிக்கு எடு, 1265ஐ வாயால் சொல்லிக் காட்டு. உனக்குப் பின்னேரம் மூன்றரை.

சித்தி, பி.ப. 4:16
வடை?