சிவிஇ-2019-19922: பாதுகாப்பு ஓட்டையா, வேகக் கோளாறா?

(சிவிஇ என்பது மென்பொருள் பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியல் எண். ஒரு சர்வரைப் பற்றி மூவர் பேசுகிறார்கள்; ஒவ்வொருவருக்கும் இடப் பெயரே அடையாளம்.)

ஏற்காடு விடுதி: கோடை விழா வாரத்தில் எங்கள் முன்பதிவுத் தளம் திணறிப்போனது. சர்வர் சேலத்தில் இருக்கிறது, 32 கோர், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் 32 செயலிப் பகுதிகள். சிபியு பாதிகூட நிரம்பவில்லை. பக்கம் திறக்கவோ பல விநாடிகள். புள்ளிவிவரக் கோப்பைத் திறந்தால், எங்கள் கன்டெய்னரை (எங்கள் தளம் தனியாக அடைபட்டு ஓடும் பெட்டி) ஷெட்யூலர் (சிபியு நேரத்தைப் பங்கிடும் பகுதி) நிறுத்திவைத்த எண்ணிக்கை கண்ணெதிரே ஏறுகிறது. இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் 4.18 பதிப்பு. சிவிஇ-2019-19922-க்கான திருத்தம் 5.3.9-லேயே வந்துவிட்டது. இந்தப் பாதுகாப்பு ஓட்டையை இன்னும் அடைக்காதது ஏன்?

ஐந்து ரோடு: தம்பி, யாரும் உள்ளே நுழையவில்லை, தரவு போகவில்லை, கெர்னல் விழவில்லை. நியாயமான கூட்டம் வந்தாலும் இதே மந்தம்தான். இதற்கெல்லாம் அபாயச் சங்கு ஊதினால், 2016-இல் வந்த டர்ட்டி கௌ போல ரூட் அதிகாரத்தையே (கணினியின் முழுக் கட்டுப்பாட்டை) பறிக்கும் ஓட்டை வரும்போது யார் எழுந்திருப்பார்கள்?

ஏற்காடு விடுதி: கணக்கைப் பாருங்கள் அண்ணா. எங்களுக்கு ஒரு கோர் வரம்பு. 100 மில்லிவிநாடித் தவணைக்கு 100 மில்லிவிநாடி ஓடலாம். அதை ஒவ்வொரு கோரும் 5 மில்லிவிநாடியாக வாங்குகிறது. வேலை முடிந்ததும் மீதியைத் திருப்பித் தந்தாலும் 1 மில்லிவிநாடியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தவணை முடிந்தால் அந்த நேரம் காலாவதியாகி, செல்லாது. 31 கோர்களில் த்ரெட்டுகள் (நிரலின் தனித்தனி வேலை இழைகள்) சற்றே விழித்துத் தூங்கினால் 31 மில்லிவிநாடி வரை வீண். சில்லறைக் கோரிக்கைகளை எண்ணி அனுப்பத் தெரிந்தவன் வெளியிலிருந்தே எங்களை முடக்கலாம். கடவுச்சொல்கூட வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை: வரம்பையே எடுத்துவிட்டால்?

ஐந்து ரோடு: அது நல்ல யோசனை. தம்பி, உங்கள் கெர்னல் திருத்தமோ அந்தக் காலாவதியையே நீக்குகிறது. மிச்ச நேரத்தைச் சேர்த்துவைத்து ஒரு கன்டெய்னர் வரம்பைத் தாண்டும். அதே சர்வரில் கொலுசுப் பட்டறைக் கணக்கு ஓடுகிறதே, அந்தப் பட்டறைக்காரருக்கு யார் பதில் சொல்வது?

ஏற்காடு விடுதி: தாண்டுவது கோருக்கு 1 மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடும். வரம்பை எடுத்தால், முடிவில்லாச் சுழற்சியில் சிக்கிய நிரல் காலியான கோர்களை எல்லாம் பிடித்துக்கொள்ளும்.

ஐந்து ரோடு: சரி, வியாபாரம் ஓய்ந்த இரவில் கெர்னலை மாற்றுங்கள். ஆனால் வாடிக்கையாளர்களுக்குப் பாதுகாப்பு ஓட்டை என்று கடிதம் போவதை ஏற்க மாட்டேன். கணக்கு களவு போனதாகவே பட்டறைக்காரர்கள் நினைப்பார்கள்.

ஏற்காடு விடுதி: தரவு பத்திரம் என்று முதல் வரியிலேயே எழுதுவோம். வேண்டுமென்றே முடக்க வழி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். சீசனில் அறை கேட்டுத் திரும்பியவர்களின் வருமானம் எங்களுக்குப் போய்விட்டது அண்ணா. காரணத்தை மறைக்கச் சம்மதிக்க மாட்டேன்.