தன்னைத் தானே திட்டிக்கொள்வதை நிறுத்துவது எப்படி?

கயல்:
மதிப்பெண் குறைந்தால் உடனே "நீ எதுக்குமே லாயக்கில்லை" என்று மனசுக்குள் ஓடுகிறது. கண்ணாடி முன் "நான் சிறந்தவள்" என்று சொல்லிப் பார்த்தால் பொய்யாகப் படுகிறது. வேறு வழி உண்டா? என்னிடமே கனிவாக இருந்தால் சோம்பல் வந்துவிடாதா?

மருதம்:
கண்ணாடி வசனத்தை விட்டுவிடுங்க தோழி. தன்மதிப்பு குறைவாக இருப்பவர்களுக்கு அது மனநிலையை இன்னும் கெடுக்கலாம் என்று 2009இல் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவின் ஆய்வு காட்டியது. சொல்லி முடிப்பதற்குள் மனம் எதிர்வாதத்தை எடுத்துப்போட்டுவிடும். மறுக்க முடியாததைச் சொல்லுங்க. தன்னிடமே கனிவாக இருப்பதற்கு உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் சொல்லும் மூன்று அம்சங்களையும் (வலியை உள்ளபடி கவனிப்பது, இது மனிதருக்குப் பொது என்று உணர்வது, தன்னிடம் அன்பாகப் பேசுவது) மூன்று வரியில் எழுதலாம்:

"கணக்குப் பகுதியில் மார்க் போச்சு, வலிக்குது."
"இந்தத் தேர்வில் இப்படித் தவறவிட்டவங்க நிறையப் பேர்."
"இன்னிக்கு சாப்பிட்டுத் தூங்கு. நாளைக்கு அரை மணி நேரம் சதவீதக் கணக்கு மட்டும் போடு."

பலரும் சறுக்குவது இரண்டாவது வரியில்தான். "எல்லாருக்கும்தான் நடக்குது, இதுக்குப் போய் அழுவியா?" என்று எழுதிவிடுவார்கள். அது பழைய திட்டுதான். வாய்விட்டுப் படித்துப் பாருங்க, தொனி காட்டிக்கொடுத்துவிடும். நெருங்கிய தோழியிடம் அந்தக் குரலில் பேசுவீங்களா?

இளவேனில்:
சோம்பல் பற்றி: 2012இல் உளவியலாளர்கள் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் செய்த ஆய்வில், கடினமான சொல்லறிவுத் தேர்வில் தோற்றவர்களில் ஒரு பிரிவினரைத் தங்களைக் கனிவோடு பார்க்கச் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தவர்கள் அவர்கள்தான். திட்டிக்கொண்டே இருந்தால் விடைத்தாளைத் திறக்கவே பயம் வரும்; எங்கே தப்பு என்று பார்க்காமல் எப்படித் திருத்துவது? அதனால் மூன்றாவது வரியில் ஒரு சின்ன வேலையாவது கட்டாயம் இருக்கட்டும்.

நெய்தல்:
ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் சிலருக்கு அழுகை பொங்கும், நெஞ்சு இறுகும். பூட்டிய அறைக்குள் தீ இருக்கும்போது கதவைத் திறந்தால் காற்றுப் பட்டு சுவாலை பாயுமே, அதைத்தான் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஜெர்மர் உவமை சொல்கிறார். கனிவு படும்போது பழைய வலி மேலே வருகிறது. பயிற்சி தோற்றதாக நினைக்க வேண்டாம், அப்போதைக்கு நிறுத்துங்க. கண்ணைத் திறந்து, உள்ளங்காலைத் தரையில் பதித்து, அந்தக் குளிர்ச்சியைக் கவனியுங்க. நெஞ்சில் கை வைக்கச் சொல்வார்கள். ஒவ்வாவிட்டால் மேல்கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் பயிற்சியோடு நிற்காதீங்க. இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கயல்:
நன்றி. மனசுக்குள் சொன்னால் போதுமா, எழுதியே ஆகணுமா?

மருதம்:
முதல் ஒரு வாரம் கையால் எழுதுங்க. மனசுக்குள் சொன்னால் மூன்றாவது வரி வருவதற்குள் திட்டு முந்திக்கொள்ளும்.