புதுப்பிப்பு: கழுத்துத் தமனியில் இரத்த ஓட்டம், மாணவர்களோடு

பொறியியல் மாணவர்களுக்கு இரத்த ஓட்டக் கணிப்பை நேரான குழாயில் தொடங்குவதா, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலா என்று முன்பு கேட்டிருந்தேன். குழாயில்தான் தொடங்கினோம்.

இரத்தத்தின் அடர்த்தி 1060 கிலோகிராம்/கன மீட்டர், பாகியல் எண் (பிசுபிசுப்பின் அளவு) 0.0035 பாஸ்கல் விநாடி. ஓபன்ஃபோம் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருள் தந்த அழுத்த இழப்பை, நேரான குழாய்க்கான பாய்சொய் சமன்பாட்டோடு மாணவர்கள் ஒப்பிட்டார்கள். ஆரம் பாதியானால், அதே ஓட்டத்துக்கு இழப்பு 16 மடங்கு! அடைப்பு ஏன் ஆபத்தானது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிளைப்பிரிவில்தான் பாடம் சூடு பிடித்தது. இரண்டு வெளிவாயில்களிலும் அழுத்தம் பூஜ்யம் என்று வைத்தாலும் கணினி அழகான வண்ணப்படம் தந்துவிடும். ஆனால் மூளைக்கு எவ்வளவு, முகத்துக்கு எவ்வளவு என்பதை நாம் வெட்டியெடுத்த வடிவமே முடிவுசெய்துவிடுகிறது. உடலில் அதைப் பெரிதும் முடிவுசெய்வது அப்பால் உள்ள நுண்நாளங்களின் தடை. எனவே ஒவ்வொரு வாயிலிலும், அப்பால் உள்ள நாளங்களின் தடையையும் விரிந்து சுருங்கும் தன்மையையும் எளிய சமன்பாடாகக் குறிக்கும் வின்ட்கெசல் மாதிரியைப் பொருத்தினோம்; ஜெர்மானிய உடலியங்கியலாளர் ஓட்டோ பிராங்க் 1899இல் முன்வைத்த கருத்து இன்றும் உழைக்கிறது.

இதயத்துடிப்பைச் சேர்த்து ஓட்டியதும், பிரிவின் வெளிச்சுவரில் சறுக்குப்பெயர்ச்சித் தகைவு (ஓடும் இரத்தம் சுவரை உரசி இழுக்கும் அளவு) தாழ்ந்து, ஓட்டம் பின்னோக்கித் திரும்புவது தெரிந்தது. கொழுப்பு பெரும்பாலும் படிவதும் அங்கேதான். கணிப்புக்காக வடிவத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை நுணுக்கி மறுபடி ஓட்டாத எந்தப் படத்தையும் இனி ஏற்கப்போவதில்லை. அடுத்து, ஓட்டத்தைப் பொறுத்து பாகியல் எண் மாறும் கேரோ மாதிரி.