புதுப்பிப்பு: உட்லண்ட்ஸ் கல்லறைப் பூப்பாத்தி

பிலடெல்பியாவில் 1840-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் தன்னார்வலராக நான் பார்த்துக்கொள்ளும் பாத்தியில், அணில்கள் துலிப் கிழங்குகளைத் தோண்டித் தின்கின்றன என்று எழுதியிருந்தேன். டாஃபோடில் என்ற மஞ்சள் பூச்செடியை வையுங்கள் என்றீர்கள். வைத்தேன். அதன் கிழங்கு நச்சு என்பதால் அணில்கள் தொடவே இல்லை. இப்போது பாத்தி முழுக்க மஞ்சள்!

இந்தப் பாத்தி இருப்பது ஒரு பழைய கல்லறைக்குள்ளேயே: தலைமாட்டுக் கல், கால்மாட்டுக் கல், இரண்டையும் இணைக்கும் தாழ்ந்த பக்கச் சுவர்கள், நடுவில் மண். இத்தகைய கல்லறைகள், குடும்பத்தினர் பூச்செடி வைக்கவென்றே தொட்டில் போலக் கட்டியவை. அதில் வெறும் புல் மண்டிக் கிடந்தால் எனக்கு மனசு கேட்காது.

பூ உதிர்ந்ததும் இலைகளை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், தானாகக் காயும்வரை விடுங்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவை அந்த இலைகள்தான் கிழங்கில் சேர்க்கின்றன. அப்புறம், கோடைக்கு ஹீலியோட்ரோப் வைக்கப்போகிறேன். விக்டோரியா காலத்தவர் விரும்பி வளர்த்த செடி, வாசனையும் அருமை.