பாக்ஸர் முகமது அலி ஏன் முன்னாடியே ரிட்டயர் ஆகல?

கேள்வி: நேத்து 1975ல மனிலாவுல நடந்த அலி-ஃப்ரேஸியர் பாக்ஸிங் ஃபைட் ஃபுல்லா பாத்தேன். 14 ரவுண்டு முடிஞ்சதும் ஃப்ரேஸியருக்கு கண்ணே தெரியல, அவரோட ட்ரெயினர் எடி ஃபட்ச் போதும்டான்னு நிறுத்திட்டாரு. அதோட அலி விலகியிருக்கலாம்ல, ஏன் 1981 வரைக்கும் இழுத்தாரு? அவருக்கு பார்கின்சன் (கை கால் நடுங்குற நரம்பு நோய்) வந்தது அடி வாங்கினதாலயா?

பதில் 1: வியட்நாம் போருக்கு வரமாட்டேன்னு சொன்னதுக்கு 1967ல பட்டத்த புடுங்கி மூணு வருஷத்துக்கு மேல ரிங் பக்கமே விடல ப்ரோ, திரும்பி வந்தப்ப பழைய கால் வேகம் இல்ல, அதான் கயித்துல சாஞ்சு அடிய வாங்கிக்கிட்டே எதிராளிய களைப்பாக்க ஆரம்பிச்சாரு. 1974ல கின்ஷாசால ஃபோர்மேன 8வது ரவுண்டுல சாச்சது அப்படித்தான். ஜெயிச்சாரு சரி, ஒடம்பு தாங்கணும்ல.

பதில் 2: 1977 ஷேவர்ஸ் ஃபைட்டுக்கு அப்புறம் அலியோட டாக்டர் பச்சேகோவே நிறுத்த சொல்லி பாத்து, அலி கேக்கலன்னதும் டாக்டர் விலகிட்டாரு. 1980ல ஹோம்ஸ் கூட மோதுனத என்னால முழுசா பாக்கவே முடியல. பார்கின்சன்னு தெரிஞ்சது 1984ல. அடியாலதான்னு உறுதியா சொல்ல முடியாது, டாக்டருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல.

பதில் 3: அலியாவது 2016 வரைக்கும் இருந்தாரு. 1982ல மான்சினி கூட மோதுன கொரியாக்காரர் கிம் டுக் கூ, 14வது ரவுண்டுல விழுந்தவரு, மூளைல ரத்தக்கசிவு, சில நாள்ல போய்ட்டாரு. அதுக்கப்புறம்தான் பட்டப் போட்டில 15 ரவுண்ட 12 ஆக்குனாங்க.