மேற்கு வெயில் பாத்திக்கு எது ஏற்றது: இட்லிப்பூவா, ஃபவுண்டன் கிராஸா?

வைகைக்கரை எழுதியது:
மதுரையில் புதிதாகக் கட்டியுள்ள எங்கள் வீட்டின் முன்புறச் சுற்றுச்சுவரை ஒட்டி, 20 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி இருக்கிறது. நண்பகலுக்குப் பின் மேற்கு வெயில் முழுவதும் அதன்மீதுதான் விழுகிறது. பாய்ச்சுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குழாய் முனைகளில் வெள்ளையாக உப்புப் படியும் அளவுக்குக் கடினமானது. தோட்டம் அமைத்துத் தருபவர் ஃபவுண்டன் கிராஸ் என்னும் அலங்காரப் புல்லின் ஊதா வகையை வரிசையாக நடலாம் என்கிறார். என் தாயாரோ, சாமிக்குச் சூட்டப் பூக் கிடைக்கும் என்பதால் சிவப்பு இட்லிப்பூதான் வேண்டும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்மண் எழுதியது:
உங்கள் தாயார் சொல்வதே சரி. இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. நம் வெயிலும் மழையும் அதற்குப் பழக்கமானவை. வேரூன்றிய பிறகு முழு வெயிலில்தான் அது நன்றாகப் பூக்கும். நிழலில் வைத்தால் இலை பெருத்துப் பூ குறையும். ஒரு கொத்து வாடுவதற்குள் அடுத்த கொத்து மொட்டு விடுவதால், ஆண்டின் பெரும்பகுதியில் பாத்தியில் நிறம் இருக்கும். புல்லின் கதிர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தேடித் தேன் குடிக்க வண்ணத்துப்பூச்சி எதுவும் வராது. புல் காற்றின் வழியே மகரந்தச் சேர்க்கை செய்வது, அதில் தேன் இல்லை.

பசுந்தாள் எழுதியது:
செம்மண் அம்மையார் வெயிலைப் பற்றிச் சொன்னது உண்மை. தண்ணீரையும் சுவரையும் கணக்கில் எடுக்கவில்லை. வெட்சி காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது, சற்றுப் புளிப்பான மண்ணையே விரும்புவது. புதுச் சுற்றுச்சுவரின் அடியில் சிமெண்டுப் பூச்சும் சுண்ணாம்பும் சிதறிக் கிடக்கும். அதன்மேல் கடினத் தண்ணீரையும் பாய்ச்சினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இளந்தளிர்களைக் கவனியுங்கள்: நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் உள்ள பரப்பு முழுவதும் மஞ்சளாகிவிடும். நம் ஊர்களில் சுவரோரம் இட்லிப்பூ வைத்த பல வீடுகளில் இந்த மஞ்சள் தளிரை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபவுண்டன் கிராஸ் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலிருந்து வந்த புல். வெப்பத்தில் சோர்வதில்லை, மண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தூரை அரை அடி உயரத்துக்கு அறுத்துவிட்டால் புதிதாகத் தழைக்கும். இட்லிப்பூ வேலிக்கோ இடைவிடாத கவனிப்பு தேவை.

செம்மண் எழுதியது:
மஞ்சள் தளிர் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். அதற்காகச் செடியையே கைவிட வேண்டியதில்லை. முதலில் மண்ணைச் சோதியுங்கள். பாத்தியின் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் காயவைத்து, அதன்மேல் வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதா என்று பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு மிகுதி என்று பொருள். அப்போது ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை மாற்றி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பிவிடலாம். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நட வேண்டும். பிறகும் தளிர் வெளுத்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலை வேளையில் இலைமீது தெளிக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியை வேரில் கொட்டுவதால் பயனில்லை. அதிலுள்ள இரும்பு உடனே மண்ணில் கட்டுண்டு, வேருக்குக் கிடைக்காமல் போகும்.

கவனிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இட்லிப்பூவுக்கு நேரும் பெரிய கேடு நோயால் வருவதன்று, கத்தரியால் வருவது. அதன் மொட்டு கிளையின் நுனியில்தான் தோன்றும். வேலி சதுரமாக நிற்க வேண்டும் என்று மாதந்தோறும் நுனியை வெட்டினால், மலரவேண்டிய மொட்டுகளையே வெட்டுகிறோம். பிறகு "பூக்கவே இல்லை" என்று செடியைக் குறை கூறுவது நியாயமாகாது. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வாடிய கொத்துக்குச் சற்றுக் கீழே கவாத்துச் செய்தால் போதும். மற்ற நாள்களில் அதை அதன் போக்கில் விடுங்கள்.

கோரை எழுதியது:
இருவரும் பேசாத ஒன்றை நான் எழுப்ப வேண்டியிருக்கிறது. பச்சை இலை கொண்ட ஃபவுண்டன் கிராஸின் விதை காற்றில் பறந்து பரவும். ஹவாயில் அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட இப்புல், எரிமலைக் குழம்பு இறுகிய வறண்ட சரிவுகளில் பரவிக் காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. தீக்குப் பின் உள்ளூர் மரங்கள் மீளத் தடுமாற, இப்புல்லோ முதல் ஆளாகத் தழைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இதை ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்து, விற்பதையும் வளர்ப்பதையும் தடுத்தது. சுற்றிலும் காலி மனைகள் உள்ள இடத்தில் இதை நடுவதை நான் ஒப்பமாட்டேன்.

புல்தான் வேண்டுமென்றால் வெட்டிவேர் இருக்கிறதே? தென்னிந்தியாவில் பயிரிடும் வகை விதையால் பரவுவதில்லை, தூரைப் பிரித்துத்தான் நடவேண்டும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராக 3 மீட்டருக்கும் கீழே இறங்கும்.

பசுந்தாள் எழுதியது:
கோரை ஐயா கூறிய ஹவாய்ச் செய்தி சரியே, ஆனால் அது பச்சை வகைக்கு உரியது. இங்கே பேசப்படும் ஊதா வகை ஒரு கலப்பினம்; பெரும்பாலும் மலட்டுத்தன்மை கொண்டது, தூரைப் பிரித்தே பெருக்குகிறார்கள். நர்சரியில் முதிர்ந்த கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மட்டும் உதிர்ந்து விதைமணி எதுவும் தட்டுப்படாவிட்டால் அச்சம் குறைவு. மணி இருந்தால் வாங்காதீர்கள், அதை நானே சொல்வேன்.

வெட்டிவேரை நான் மதிக்கிறேன். வரப்பிலும் சரிவிலும் மண்ணைக் காக்க அதற்கு நிகரில்லை. ஆனால் ஐந்தடிக்கு மேல் வளரும் அது மூன்றடிப் பாத்தியில் நடைபாதையின்மேல் சாய்ந்து நிற்கும். வண்ணத்துப்பூச்சி பற்றிய வாதமும் முழுமையானதன்று. தேன் குடிக்க வருவதற்கு முன் அது புழுவாக இருக்கிறது. ஈவ்னிங் பிரவுன் என்னும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு நெல் உள்ளிட்ட புல் இனங்களைத் தின்றே வளர்கிறது. புல்லே இல்லாத தோட்டத்தில் அது எங்கே முட்டையிடும்?

செம்மண் எழுதியது:
நல்ல கேள்வி. அந்தப் புழுவுக்கு நம் ஊர் வரப்புப் புல்லும் நெற்பயிரும் இருக்கின்றன. அலங்காரப் புல்லை நம்பி அது வாழவில்லை. வெட்சி இலையைத் தின்னும் புழுவும் உண்டு, மங்கி பசில் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியுடையது. வெட்சியின் பூவோ நீண்ட மெல்லிய குழல். அடியில் உள்ள தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும். காலையில் செடியருகே நின்றால், கருஞ்சிறகில் சிவப்புப் புள்ளிகள் கொண்ட கிரிம்சன் ரோஸ் கொத்தின்மேல் இறக்கையைப் படபடத்தபடியே ஒவ்வொரு பூவாகத் தேன் உறிஞ்சுவதைக் காணலாம். இந்தக் காட்சி புல் பாத்தியில் கிடைக்காது.

வைகைக்கரை எழுதியது:
அனைவருக்கும் நன்றி. வினிகர் ஊற்றிப் பார்த்தேன். சுவரை ஒட்டிய மண் நன்றாகப் பொங்குகிறது, இரண்டடி தள்ளி எடுத்த மண் சற்றே நுரைக்கிறது. புல் புதரில் பாம்பு தங்குமோ என்று என் தாயாருக்கு ஓர் அச்சம் உண்டு. அது சரியா?

பசுந்தாள் எழுதியது:
பாம்பு எலியைத் தேடி வருகிறது. தரையோடு அடர்ந்த எந்தச் செடியின் அடியிலும் எலி ஒளியலாம். இட்லிப்பூ வேலியும் விலக்கன்று. எதை நட்டாலும் தூரின் அடிப்பகுதியைச் சுத்தமாக வைத்திருங்கள். மண் இவ்வளவு பொங்குகிறது என்றால், என் கருத்து இன்னும் புல்லின் பக்கமே.

செம்மண் எழுதியது:
என் கருத்து வெட்சியின் பக்கமே. மண்ணை மாற்றும் செலவு ஒருமுறைதான். ஐப்பசி மழைக்கு முன் குழி தயாராகிவிட்டால், முதல் சில மாதங்களுக்கு உங்கள் கிணற்றுத் தண்ணீரை அதிகம் நம்ப வேண்டியிருக்காது. மொட்டை மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து இந்தப் பாத்திக்கென்று ஒதுக்குங்கள். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை.